பழைய .303 ரைஃபிளுக்குத் தோட்டா நிரப்பும்போது குண்டை எவ்வளவு ஆழம் இறக்குவது?

லீ என்ஃபீல்டு என்ற பெயர் தெரியாதவர்களுக்கும் "த்ரீ நாட் த்ரீ" தெரியும். நம்மூர் காவல் நிலையங்களில் பாரா நின்ற போலீஸ்காரர் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கியது அதுதான். கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் அதே ரைஃபிளை உரிமம் வைத்திருப்பவர்கள் இன்றும் இலக்குச் சுடுதலுக்கும் வேட்டைக்கும் பயன்படுத்துகிறார்கள். டொரொன்டோவை ஒட்டிய லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லட்சக்கணக்கில் செய்த லீ என்ஃபீல்டின் நெ.4 ரக ரைஃபிள்களை, கனடியன் ரேஞ்சர்ஸ் படை சில ஆண்டுகளுக்கு முன்புவரை வடதுருவப் பகுதியில் சுமந்துகொண்டிருந்தது.

இந்த ரைஃபிளை வாங்கியவர்களில் பலர் கொஞ்ச நாளில் தோட்டாவைத் தாங்களே நிரப்பத் தொடங்கிவிடுவார்கள். கடையில் .303 எல்லா நேரமும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். நிரப்ப உட்கார்ந்ததும் சீக்கிரமே வரும் கேள்வி, கேஸுக்குள் குண்டை எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்பது. யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வரும், ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருக்கும். இதில் நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. .303-க்கு எது பொருந்தும், ஏன் என்பதைப் பார்ப்போம்.

அதற்கு முன் சட்டம். இந்தியாவில் .303 தனியார் வைத்துக்கொள்ளக் கூடாத ரகம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால் இந்தக் கட்டுரை, சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில் முறையான உரிமத்தோடு இதைச் செய்பவர்களுக்கு மட்டும். வெடிமருந்தின் எடை பற்றி இங்கே ஒரு எண்கூட இருக்காது. அது மருந்துக் கம்பெனியின் மேனுவலில் இருந்துதான் வர வேண்டும்.

ஆழம் மாறினால் என்ன மாறுகிறது

தோட்டா என்றால் முழுப் பொருள்: பித்தளைக் கேஸ், பின்னால் அடிஊசி குத்தியதும் பற்றிக்கொள்ளும் ப்ரைமர், உள்ளே மருந்து, கழுத்தில் குண்டு. சுடும்போது குண்டு கேஸின் கழுத்தைவிட்டுக் கிளம்பி, பேரலின் தொண்டைப் பகுதியில் கொஞ்ச தூரம் பிடிமானம் இல்லாமல் போய், பிறகு ரைஃப்ளிங்கின், அதாவது பேரலின் உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளங்களுக்கு நடுவே உள்ள, மேடுகளில் போய்க் கவ்வும். இந்த இடைத்தூரத்தைத் தாவல் என்று வைத்துக்கொள்வோம். குண்டை ஆழமாக இறக்கினால் தாவல் கூடும், மேலே விட்டால் குறையும்.

கூடவே கேஸின் உள்ளே இருக்கும் இடமும் மாறும். ஆழமாக இறக்கிய குண்டு மருந்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். கைத்துப்பாக்கிக்குத் தோட்டா நிரப்பிப் பழகியவர்கள் இதைக் கேட்டாலே பதறுவார்கள். அதில் நியாயம் உண்டு. 9 மி.மீ. பிஸ்டல் கேஸின் கொள்ளளவு 0.86 மி.லி. தான். குண்டு 1 மி.மீ. கூடுதலாக உள்ளே போனால் அதில் 7 சதவீதத்துக்கு மேல் போய்விடும். .303 கேஸின் கொள்ளளவு சுமார் 3.6 மி.லி. அதே 1 மி.மீ. இங்கே எடுத்துக்கொள்ளும் இடம் 0.05 மி.லி. கூட இல்லை, சதவீதத்தில் ஒன்றரைக்கும் கீழே. கணக்கு எளிதுதான், குண்டின் குறுக்கு வெட்டுப் பரப்பை நீளத்தால் பெருக்கினால் போதும்.

ரைஃபிளில் இன்னொரு கோடியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். குண்டு ஆரம்பத்திலேயே மேடுகளைத் தொட்டுக்கொண்டு நின்றால், ஓடி வந்து நுழையும் வேகம் அதற்குக் கிடைக்காது. நின்ற நிலையிலிருந்தே மேடுகளுக்குள் திணிக்கப்பட வேண்டும். அழுத்தம் சட்டென்று ஏறும். கொஞ்சம் தாவல் விட்டால் அந்த உச்சம் இறங்கும். அமெரிக்க ரைஃபிள் தயாரிப்பாளர் ராய் வெதர்பி தன் வேகமான வேட்டைத் தோட்டாக்களுக்கு வேண்டுமென்றே நீண்ட தொண்டையை வைத்ததற்கு இதுதான் காரணம். அந்த ரைஃபிள்கள் நன்றாகவே சுட்டன. தாவல் நீண்டால் குறி கெட்டுவிடும் என்ற பயத்துக்கு வெதர்பி ஒருவரே போதுமான பதில்.

.303-ன் அழுத்த வரம்பு அமெரிக்கத் தரத்தில் 49,000 பி.எஸ்.ஐ. (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு) தான். .308 வின்செஸ்டருக்கு அது 62,000. லீ என்ஃபீல்டின் போல்ட்டில், அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து மூடும் உருளையில், பூட்டுக் காதுகள் பின்பக்கம் இருக்கின்றன, அடி விழும்போது போல்ட்டும் ரிசீவரும் சற்று வளைந்து கொடுக்கும். அந்த வளைவைத் தாங்குவது கேஸ்தான். ஆகவே அழுத்தத்தோடு விளையாடிப் பார்க்கத் தோதான ரைஃபிள் இது இல்லை.

முதல் வழி: மேனுவலில் போட்ட நீளம்

குண்டுக் கம்பெனியின் மேனுவலைத் திறந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் மொத்தத் தோட்டா நீளம் கொடுத்திருப்பார்கள். .303-க்கு அதிகபட்சம் 3.075 இன்ச், அதாவது 78.1 மி.மீ. இதற்குள் அடங்கினால் மேகசினில் போகும். மேனுவல்காரர்கள் அழுத்தம் அளந்ததும் அவர்கள் போட்ட நீளத்தில்தான். எனவே முதல்முறை நிரப்புபவருக்கு இதைவிடப் பத்திரமான வழி இல்லை.

இதில் ஒரு சிறு சிக்கல். மொத்த நீளம் என்பது கேஸின் அடியிலிருந்து குண்டின் நுனிவரை. ஈயம் தெரியும் மென்முனைக் குண்டுகளில் நுனி ஒரே மாதிரி இருக்காது. பெட்டிக்குள் குலுங்கியே மழுங்கிப்போனதும் இருக்கும். ஒரே செட்டிங்கில் இறக்கிய தோட்டாக்களைக் காலிப்பரில் அளந்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் காட்டும், குண்டைக் கேஸுக்குள் அழுத்தி இறக்கும் சீட்டிங் டை தளர்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். டை பெரும்பாலும் குண்டின் நுனியைத் தொடாமல், மூக்கு ஒடுங்கும் தோளைப் பிடித்துத்தான் அழுத்துகிறது. ஆகவே ஆழம் சரியாகவே இருக்கும், நுனிதான் மாறியிருக்கும். காலிப்பர் தாடையில் மாட்டும் கம்பேரட்டர் ஒன்று இருந்தால் குண்டின் தோளிலிருந்து அளக்கலாம், குழப்பம் தீரும்.

இரண்டாம் வழி: குண்டின் இடுப்பு வரி

சில குண்டுகளின் இடுப்பைச் சுற்றி ஒரு வரிப்பள்ளம் இருக்கும். கேஸின் வாய் அந்தப் பள்ளத்தில் வந்து நிற்கும்படி இறக்கி, வாயை உள்நோக்கி மடித்துக் கிரிம்ப் செய்வார்கள். ராணுவத் தோட்டாக்களில் குண்டை இறுக்கிப் பிடிக்க வைத்ததற்குக் காரணம் இருந்தது. ஒரே தோட்டாவை ரைஃபிளிலும் பிரென், விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகளிலும் போட வேண்டும். இயந்திரம் இழுத்து அடிக்கிற வேகத்தில் குண்டு நகர்ந்துவிடக் கூடாது.

உங்கள் கையில் இருப்பது போல்ட்டைக் கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷன். அதற்கு இவ்வளவு பிடி தேவையில்லை. கிரிம்ப் நன்றாக அமைய வேண்டுமானால் எல்லாக் கேஸும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். .303 கேஸ்களோ ஒவ்வொரு முறை சுடும்போதும் நீள்கின்றன, அதுவும் சீராக இல்லை. வெட்டிச் சமன்செய்யாமல் கிரிம்ப் போட்டால் ஒரு கேஸ் நெரியும், ஒரு கேஸ் சும்மா தடவிவிட்டு நிற்கும். பாதி நெரிந்த பிடியைவிடச் சீரான கழுத்துப் பிடியே மேல்.

இந்த வழி கட்டாயமாகிற இடம் வேறு: வின்செஸ்டர் 1894 போன்ற லீவர் ரைஃபிள்கள். அதில் தோட்டாக்கள் குழாய் மேகசினில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், ஸ்பிரிங்கும் உதையும் சேர்ந்து குண்டைக் கேஸுக்குள் தள்ளப் பார்க்கும். அங்கே வரியும் கிரிம்ப்பும் இல்லாமல் முடியாது. தட்டை மூக்குக் குண்டும் வேண்டும், இல்லையென்றால் ஒரு தோட்டாவின் கூர்முனை முன்னால் உள்ளதன் ப்ரைமரில் முட்டும்.

மூன்றாம் வழி: மேடுகளை நெருங்குவது

இலக்குச் சுடுதலில் ஊறியவர்களிடம் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். மேடுகள் எங்கே தொடங்குகின்றன என்று கண்டுபிடி, அதிலிருந்து 10 அல்லது 20 தவ் பின்னால் குண்டை நிறுத்து என்பார்கள். ஒரு தவ் என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நம் லேத் பட்டறைகளில் சொல்கிற அதே கணக்கு. இன்றைய துல்லிய ரைஃபிள்களில் இது பலன் தருகிறது. குண்டு கோணாமல் நேராக நுழைகிறது, இலக்கில் குண்டுகள் விழும் குழு இறுகுகிறது.

லீ என்ஃபீல்டில் இதை அளந்து பார்ப்பது சுவாரசியமான வேலை. செலவும் இல்லை. ரைஃபிள் காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு போல்ட்டை மூடுங்கள். இந்த ரைஃபிளில் மூடும்போதே அடிஊசி பின்வாங்கி நிற்கும், ட்ரிகரை இழுத்து அதை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஊசிமுனை வெளியே நீட்டிக்கொண்டு அளவைக் கெடுக்கும். தட்டை முனையுள்ள துடைப்புக் கம்பியைப் பேரலின் வாய்வழி விட்டு, போல்ட் முகத்தில் இடிக்கிற இடத்தில் கம்பியைச் சுற்றி மெல்லிய டேப்பால் ஒரு குறி. பிறகு போல்ட்டைக் கழற்றி, தனிக் குண்டு ஒன்றைப் பின்பக்கமிருந்து தொண்டைக்குள் போட்டு, பென்சிலால் மெதுவாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் கம்பியை விட்டு குண்டின் நுனியைத் தொடும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள தூரம்தான் அந்தக் குண்டு மேடுகளைத் தொடும்போது தோட்டாவின் நீளம்.

கறுப்பு மார்க்கர் பூசிய குண்டை வைத்து இதைச் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வெளியே எடுத்துப் பார்த்தால், ஐந்து பள்ளப் பேரலில் குண்டின் தோளைச் சுற்றி ஐந்து சிறு கீறல்கள் பளபளக்கும். லாங் பிராஞ்சும் அமெரிக்காவின் சாவேஜும் போர் அவசரத்தில் செய்த இரண்டு பள்ளப் பேரலாக இருந்தால், எதிரெதிரே இரண்டே இரண்டு அகலமான தடங்கள். உங்கள் பேரல் எந்த ரகம் என்பது அந்தக் கணமே தெரிந்துவிடும்.

சரி, அளந்தாயிற்று. அப்புறம்தான் ஏமாற்றம். பெரும்பாலான .303-களில் இந்த நீளம் 3.075 இன்ச்சைத் தாண்டி எங்கோ நிற்கும். .303 பிறந்தபோது அதற்குள் இருந்தது 215 கிரெய்ன் எடையுள்ள நீண்ட உருண்டை மூக்குக் குண்டு. 1910-ல் மார்க் 7 தோட்டா வந்தபோது 174 கிரெய்ன் கூர்முனைக் குண்டாக மாறியது. அதற்காக ரைஃபிளின் சைட்டையும் மேகசினையும் திருத்தினார்கள். ஆக, தொண்டை என்பது நீளமான, உடல் பருத்த குண்டுகளுக்கு இடம் கொடுத்து வெட்டியது. இன்று கடையில் கிடைக்கும் குட்டையான 150 கிரெய்ன் குண்டு அந்த மேடுகளைத் தொடும்படி வைத்தால் அதன் வால் மட்டும்தான் கேஸின் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் போகாது என்பது தனி.

இதோடு கார்டைட்டின் கைங்கரியமும் சேர்கிறது. .303-ன் பழைய மருந்து கார்டைட், சேமியா போலக் குச்சி குச்சியாக இருக்கும். நீலகிரி மலை ரயிலில் வெலிங்டன் தாண்டியதும் வருகிற அருவங்காட்டில் 1903-ல் தொடங்கிய தொழிற்சாலைக்குப் பெயரே கார்டைட் தொழிற்சாலைதான். முதலில் வந்த கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். கடும் சூட்டோடு எரிந்து தொண்டையைத் தின்றது. பேரல்கள் சீக்கிரம் போகவே அதை 30 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்போதும் அரிப்பு நின்றுவிடவில்லை, குறைந்தது, அவ்வளவுதான். போர்களைப் பார்த்த ரைஃபிளில் மேடுகளின் ஆரம்பம் தொழிற்சாலை வெட்டிய இடத்தில் இருக்காது, முன்னால் நகர்ந்திருக்கும். அதுவும் கூரான விளிம்பாக இல்லாமல் வழவழவென்று தேய்ந்திருக்கும்.

இதையெல்லாம் மீறி, தொண்டை தேயாத ஒரு நெ.4 கிடைத்தது, நீண்ட குண்டும் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 10 தவ் கணக்கு இந்த ரைஃபிளில் நிற்காது. .303 கேஸ் சேம்பரில், அதாவது பேரலில் தோட்டா உட்காரும் அறையில், நிற்பது அதன் அடியில் உள்ள விளிம்பை வைத்து. விளிம்பின் தடிமன் அதிகபட்சம் 64 தவ். போல்ட்டுக்கும் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவே ராணுவம் அனுமதித்த இடைவெளியோ 74 தவ் வரை. அதாவது, தோட்டா முன்னும் பின்னும் 10 தவ் ஆடலாம். விளிம்பு மெலிந்த கேஸ் என்றால் அதற்கும் மேல். அடிஊசி குத்தும்போது தோட்டா முன்னால் தள்ளப்படும், எவ்வளவு தள்ளப்படும் என்பது கேஸுக்குக் கேஸ் மாறும். குண்டை 10 தவ் துல்லியத்தில் நிறுத்தப் பாடுபட்டு, அதே 10 தவ்வை விளிம்பில் கோட்டை விடுவதில் என்ன லாபம்?

ஆபத்தும் ஒன்று உண்டு. மேடுகளில் அழுத்தி வைத்த தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்தால், குண்டு பேரலில் மாட்டிக்கொண்டு கேஸ் மட்டும் கையோடு வரலாம். மருந்து போல்ட் வழியெங்கும் கொட்டும். அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைத் திணிப்பவர் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை. வேட்டைக்குக் கொண்டுபோகும் ரைஃபிளில் இந்த வழியே வேண்டாம்.

நான்காம் வழி: கழுத்துக்குப் போதுமான பிடி, மேகசினுக்குள் அடங்கும் நீளம்

நான் .303-க்குப் பரிந்துரைப்பது இதைத்தான். மேடுகளை மறந்துவிடுங்கள். குண்டின் நேரான உருளைப் பகுதி கேஸின் கழுத்தில் குண்டின் விட்டத்தளவுக்காவது, அதாவது சுமார் 8 மி.மீ., பதிந்திருக்க வேண்டும். இது முதல் நிபந்தனை. .303-ன் கழுத்தும் ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான். ஆக, கழுத்து முழுவதும் குண்டைப் பிடிக்கும். மொத்த நீளம் மேகசினில் உரசாமல் போக வேண்டும், 3.075 இன்ச்சைத் தாண்டக் கூடாது. இது இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்தினாலும், தாவல் எவ்வளவு வருகிறதோ வரட்டும்.

உருளைப் பகுதி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், படகுவால் குண்டுகள். பின்பக்கம் சரிந்து ஒடுங்கும் இந்தக் குண்டுகளில் ஒடுங்கிய வால் கழுத்தைத் தொடாது. வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக ஆழமாக இறங்கிய மாதிரி இருக்கும், பிடிப்பதோ பாதிதான். குண்டைக் கேஸுக்குப் பக்கத்தில் வைத்து, வால் முடியும் இடத்திலிருந்து அளந்து பாருங்கள்.

பிடி போதுமா என்று பார்க்க இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ப்ரைமரும் மருந்தும் இல்லாத மாதிரித் தோட்டாவை எடுத்து, குண்டின் நுனியை மேஜை விளிம்பில் வைத்துக் கட்டைவிரல் பலத்தில் அழுத்துங்கள். நகர்ந்தால் பிடி போதாது. அடுத்தது சுடும் திடலில் செய்வது. மேகசினை நிரப்பும்போது அடித்தோட்டாவின் நீளத்தைக் குறித்துக்கொண்டு, மேலே உள்ளதையெல்லாம் சுட்டுவிட்டு அதை எடுத்து மறுபடி அளங்கள். ஒவ்வொரு உதைக்கும் மேகசினின் முன்சுவரில் மோதி மோதி நின்ற தோட்டா அது. நீளம் மாறவில்லையென்றால் கிரிம்ப் தேவையே இல்லை.

இந்த வழியில் நீங்கள் நிறுத்தும் நீளம் மேனுவல் நீளத்திலிருந்து கொஞ்சம் விலகலாம். விலகினால், மருந்தை மேனுவலின் ஆரம்ப எடையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், குண்டைக் கூடுதலாக இறக்கியிருந்தால் கண்டிப்பாக. மேனுவல் நீளத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் பேசாமல் மேனுவல் நீளத்திலேயே நிறுத்திவிடுங்கள். உண்மையில் பலருக்கும் முதல் வழியும் நான்காம் வழியும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

ஆழத்தைவிடக் குண்டு முக்கியம்

ஆழத்தை மாற்றி மாற்றிப் பார்த்து .303-ல் கிடைக்கும் முன்னேற்றத்தைவிட, சரியான குண்டைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது அதிகம். இங்கேதான் பணத்தையும் நேரத்தையும் போட வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் விட்டம். கடையில் .303-க்கு என்று விற்கும் குண்டுகள் 0.311 அல்லது 0.312 இன்ச். போர்க்காலப் பேரல்களின் பள்ளம் 0.311-லிருந்து 0.315-ஐத் தாண்டியும் போகும். மென்மையான ஈய உருண்டையைப் பேரலுக்குள் தட்டி வெளியே எடுத்து அளந்தால் உங்களுடையது எங்கே நிற்கிறது என்று தெரியும். ஐந்து பள்ளப் பேரலில் இதற்கும் ஒரு தலைவலி இருக்கிறது. ஒற்றைப்படை எண் என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் வரும். சாதாரணக் காலிப்பரின் இரண்டு தாடைகளும் ஒரே நேரத்தில் பள்ள அளவைப் பிடிக்காது. வி வடிவத் தாங்கியுள்ள மைக்ரோமீட்டர் வேண்டும், இல்லையென்றால் பட்டறைக்காரரிடம் கொடுத்து அளக்க வேண்டும்.

பள்ளம் அகன்ற பேரலில் 0.312 குண்டு 0.311-ஐவிட நன்றாக ஓடும். அந்த ஒரு தவ், தாவலில் நீங்கள் தேடும் இருபது தவ்வைவிடப் பேசும்.

அடுத்தது அடிப்பக்கம். தேய்ந்த தொண்டையிலும் அகன்ற பள்ளத்திலும் தட்டை அடியுள்ள குண்டுதான் வாயுவை நன்றாக அடைக்கும். படகுவால் குண்டு தொலைதூரத்தில் காற்றை நன்றாகக் கிழிக்கும், ஆனால் அதற்குப் பேரல் இறுக்கமாக இருக்க வேண்டும். மார்க் 7 குண்டு தட்டை அடிதான். படகுவாலை மார்க் 8 என்று பின்னால் கொண்டுவந்ததே விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிக்காக.

மூன்றாவது, உடலின் நீளம். ஹார்னடியின் 174 கிரெய்ன் உருண்டை மூக்கு, சியெராவின் 180 கிரெய்ன் மென்முனை, ஆஸ்திரேலியாவின் உட்லீ செய்யும் 215 கிரெய்ன் போன்றவற்றில் நேரான உடல் நீளமாக இருக்கும். கழுத்தில் பிடியும் கிடைக்கும், மூக்கின் பருத்த பகுதி மேடுகளுக்குக் கிட்டேயும் போகும். மூன்றாம் வழிக்காரர்கள் தோட்டாவை நீட்டிப் பிடிக்கப் பார்க்கும் நெருக்கம், இங்கே குண்டின் வடிவத்தாலேயே வந்துவிடுகிறது.

நூறு மீட்டரில் குழு இறுகவில்லை என்று ஆழத்தைத் திருகத் தொடங்குபவர்கள், அதற்கு முன் ரைஃபிளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. நெ.4-ல் முன்மரம் பேரலின் முனையை 2 முதல் 7 பவுண்டு விசையோடு மேல்நோக்கித் தாங்க வேண்டும் என்பது ராணுவக் கணக்கு. மரம் வற்றிச் சுருங்கினால் அந்த விசை போய்விடும், அல்லது ஒரு பக்கமாகச் சாயும். பேரலின் வாயும் பாருங்கள். மணல் ஒட்டிய துடைப்புக் கயிற்றைச் சிப்பாய்கள் ஆண்டுக்கணக்காகக் கோணலாக இழுத்ததில் சில பேரல்களின் வாய் ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். அந்த ரைஃபிளில் குண்டை எங்கே நிறுத்தினாலும் ஒன்றுதான்.

.303 இல்லாதவர்களுக்கு

இந்த முடிவை அப்படியே எல்லாப் பழைய ரைஃபிளுக்கும் தூக்கிப் போட முடியாது.

ஸ்வீடன் மவுசர் 6.5×55-ல் நிலைமை .303 போலவே. 1894-ல் வந்த இந்தத் தோட்டாவின் தொண்டை 156 கிரெய்ன் உருண்டை மூக்குக் குண்டுக்காக வெட்டியது. பின்னாளில் 139 கிரெய்ன் கூர்முனை வந்தது. வரம்பு 80 மி.மீ. அதற்குள் நல்ல பிடியோடு நிறுத்தினால் போதும். விளிம்பில்லாத கேஸ், கேஸின் தோளை வைத்து நிற்கும், இடைவெளியும் இறுக்கம். ஆகவே ஆழத்தைச் சோதித்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு .303-ஐவிட இது நல்ல மேடை.

சுவிட்சர்லாந்தின் கே31 ராணுவ ரைஃபிள் இதற்கு நேர் எதிர். அதன் தொண்டை மிகக் குட்டை. மூக்கு நீண்டு ஒல்லியான சுவிஸ் ராணுவ ஜி.பி.11 குண்டுக்காகச் செய்தது. பருத்த தோளுள்ள இன்றைய குண்டுகள், மேகசினில் தாராளமாக அடங்கும் நீளத்திலேயே மேடுகளில் போய் முட்டிவிடும். இங்கே மேடுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை, அவை எங்கே என்று கண்டுபிடித்து விலகி நிற்பதற்காகவே அளக்க வேண்டும். ஒவ்வொரு புதுக் குண்டுக்கும் மார்க்கர் சோதனை செய்யாமல் கே31-க்கு ஒரு தோட்டாகூட நிரப்பாதீர்கள்.

இத்தாலியின் 6.5 கார்கானோவில் ஆழம் பேசுவதற்கு முன்பே விட்டம் இடிக்கும். அதன் பள்ளம் 0.268 இன்ச், பொதுவாகக் கிடைக்கும் 6.5 குண்டு 0.264. சரியான விட்டத்தில் 160 கிரெய்ன் உருண்டை மூக்கு கிடைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

.303-க்கு வருவோம். 150 கிரெய்ன் பெட்டிகளை ஏற்கெனவே வாங்கி அடுக்கிவிட்டவர்கள் அவற்றை மேனுவல் நீளத்தில், இடுப்பு வரி இருந்தால் கேஸின் வாய் அதற்கு நேராக வரும்படி இறக்கிக்கொள்ளுங்கள், கிரிம்ப் வேண்டாம். நூறு மீட்டர் வேட்டைக்கும் பழக்கத்துக்கும் அது தாராளம். அடுத்த முறை வாங்கும்போது 174 அல்லது 180-ல், தட்டை அடியுள்ளதாக, பேரலை அளந்து பார்த்து விட்டம் தேர்ந்து வாங்குங்கள். புதுக் குண்டு வந்ததும் ப்ரைமரும் மருந்தும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்து, மேகசினிலிருந்து போல்ட்டால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அது சரியாகப் போனால் அதன் மேலேயே மார்க்கரால் நீளத்தை எழுதி டைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். அடுத்த முறை சீட்டிங் டையைச் செட் செய்ய அந்த ஒன்றே போதும்.